கதவுக்குப் பின்னால் தொங்கிய கோட்டு

லாண்டரிக்கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். கடையில் அல்ல, ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் அறையில், மனைவியின் காலுக்கு மேலே. சர்க்கரைப் புண். இந்த வாரமும் ஆறாவிட்டால் கட்டைவிரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஓர் இளம்பெண் வந்து நின்றார். சாயம் போன பச்சையில் அரைக்கைச் சட்டை.

“யம்மா, டாக்டர் எப்ப வருவாரு?”

“நான்தாங்க டாக்டர். காலைக் காட்டுங்க.”

“நீயா? கோட்டு எங்க?”

“கோட்டோட கை நீளம். புண்ணுல படும். அதான் போடுறதில்ல.”

“சாக்கு சொல்லாத. நீ கத்துக்கிறதுக்கு என் பொண்டாட்டி காலுதான் கிடைச்சுதா? கோட்டுப் போட்ட டாக்டரைக் கூப்பிடு!”

“ஏங்க, வலிக்குதுங்க. அவங்களே கட்டட்டுமே,” என்றாள் மனைவி.

“சும்மா இரு. உனக்கு உலகம் தெரியாது.”

உலகம் தெரிந்தவர் போட்ட சத்தத்தில் மேலாளர் ஓடிவந்தார். புகார் என்றாலே அவருக்கு ஆகாது. “டாக்டர், கதவுக்குப் பின்னால இருக்கே, அதை மாட்டிக்குங்க. இவங்ககூட மல்லுக்கட்ட முடியாது.”

டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு ஆணியிலிருந்து கோட்டை எடுத்து மாட்டினார். அவ்வளவுதான். கடைக்காரர் கண்ணுக்கு அவர் அரையடி வளர்ந்து, நாலு பட்டமும் வாங்கிவிட்டார். “பார்த்துச் செய்யுங்க டாக்டரம்மா,” என்று மரியாதையும் தானாக வந்தது.

டாக்டர் கையுறை மாட்டிக் குனிந்தார். மடித்துவிட்ட கோட்டுக்கை நழுவிப் புண்ணுக்குப் பக்கத்தில் இறங்கியது. அப்போதுதான் கடைக்காரரின் தொழில் கண் திறந்தது. கைவிளிம்பில் பழுப்பு வளையம், காய்ந்த சீழ். காலரில் நாலைந்து கழுத்துகளின் அழுக்கு. இந்த ஆஸ்பத்திரித் துணியெல்லாம் அவரிடம்தான் வெளுப்புக்கு வரும். இந்தக் கோட்டு ஒருநாளும் வந்ததில்லை.

“நிறுத்துங்க! இதை எப்பத் துவைச்சது?”

“யாருக்குத் தெரியும்? இது யாரோடதும் இல்ல.” டாக்டர் கோபமாக நிமிர்ந்தார். “உங்கள மாதிரி யாராவது கத்தினா, கத்தின வாயை மூட நாங்க மாட்டிக்கிறது. இன்னைக்கு நீங்க மூணாவது ஆளு. நான் கை கழுவினது உங்க கண்ணுல படல. கோட்டு இல்லாததுதான் பட்டுது!”

“கழுதைக்குத் தெரியுமா…” என்று தொடங்கிய மனைவி, கட்டினவன் என்பதால் பாதியில் விட்டாள். “உங்களுக்கு வைத்தியம் வேணுமா, வேஷம் வேணுமா?”

கடைக்காரர் அந்தக் கோட்டை உருவி அழுக்கு மூட்டையில் எறிந்தார். டாக்டர் மறுபடி கை கழுவப் போனார்.

மேலாளர் பதறினார். “அடுத்த ஆளு கேட்டா நான் என்னங்க செய்ய?”

கடைக்காரருக்குத் தன்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது. வெளியே வரிசையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி கத்தினார்:

“கோட்டு எங்கன்னு கேக்காதீங்கய்யா, கை கழுவினீங்களான்னு கேளுங்க! துணிக்கு மரியாதை கொடுக்கப் போயி என் பொண்டாட்டி விரலைக் காவு கொடுக்கப் பார்த்தேன். வெளுக்கிறவன் நானே ஏமாந்துட்டேன், நீங்களாவது ஏமாறாதீங்க!”