பத்து எண்ணும்வரை

கமரா ஸ்டாண்டின் மூன்றாவது கால் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. தகன மண்டபத்தில் சச்சிதானந்தன் குனிந்து அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சவப்பெட்டிக்குள் கிடந்த வெண்டல் உயிரோடு இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். தங்கையின் புருஷன்தான், ஆனால் படம் எடுத்த இத்தனை வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் மச்சானை நம்பிக் கமராவைக் கொடுத்தவன். மற்ற நேரமெல்லாம் மைக் கட்டிய தடியைத்தான் பிடிக்க விட்டான்.

“வீடியோக்காரனைப் பிடிச்சிருக்கலாம், கலா. அவங்கள் ரோசாப்பூப் பறக்கவிட்டு, பாட்டுப் போட்டு வடிவாச் செய்வாங்கள்.”

“அவர் எழும்பி வந்து அடிப்பார், அண்ணை,” என்றாள் சிவகலா. “நீங்களே எடுங்கோ. லொரெய்ன் மச்சாள் பாத்துக்கொண்டிருப்பா.”

லொரெய்ன், வெண்டலின் அக்கா. எண்பது வயது. நடக்க முடியாமல் அமெரிக்காவில், பால்ட்டிமோரில் இருப்பவர். அங்கே விடிந்து, அவர் கணினிக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார் என்று நேரலையைக் கவனித்த சச்சிதானந்தனின் மகன் கிஷோபன் சொன்னான். தம்பியை அவர் கடைசியாகப் பார்ப்பது சச்சிதானந்தனின் கையில் இருந்தது.

வெண்டல் முதல் படத்தை அந்த ஊரில்தான் எடுத்தான். கறுப்பின மக்கள் கூடும் ஒரு சலூன், அங்கே ஒரு சனிக்கிழமை முழுக்க நடக்கும் பேச்சு, அவ்வளவுதான் கதை. இரவல் கமரா, எல்லோருக்கும் அக்காவின் சமையல். பெரிய படக் கொம்பனிக்காரர் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது, துவக்குச் சூடு எங்கே என்று கேட்டார்களாம். கறுப்பர் படத்தில் துவக்கு இல்லாவிட்டால் யார் பார்ப்பார்கள் என்பது அவர்கள் கவலை. அவன் படச்சுருளைக் காரில் ஏற்றிக்கொண்டு தேவாலயம் தேவாலயமாகப் போய்த் தானே ஓட்டிக் காட்டினான். அப்படியே ஒரு விழாவுக்கென்று சுவிசுக்கும் வந்து, கூர் நகரில் தங்கிய ஹோட்டலில் வேலை செய்த சிவகலாவிடம் மாட்டிக்கொண்டான்.

“படம் எடுக்கிறவன் என்னெண்டு குடும்பம் நடத்துவான்?” என்று அப்போது சச்சிதானந்தன் குதித்தார். அது சும்மா சாட்டு. அவன் கறுப்பன் என்பதுதான் காரணம். நினைத்தால் இப்போதும் அவருக்கு வெட்கமாக இருக்கும். வெண்டலுக்கும் அது தெரியும். ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. அடுத்த படத்துக்கு மைக் தடியைக் கொண்டுவந்து, “மச்சான், பிடி” என்று கையில் கொடுத்தான்.

பிறகு எடுத்த ஆறு படங்களுக்கும் தயாரிப்பாளர், இயக்குநர், டிக்கெட் கிழிப்பவர் எல்லாம் அவனே. டீட்டிகோன், ஷ்லீரன் என்ற சுவிஸ் ஊர்களின் தமிழ்ச் சனம்தான் துணை நடிகர்கள். அவர்களோடு அவன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கமரா திரும்பினால் போதும், கலியாண வீட்டு வீடியோ என்ற நினைப்பில் சேலையைச் சரிசெய்து, நேரே பார்த்துச் சிரிப்பார்கள். “கமராவைப் பாக்காதேங்கோ!” என்பதுதான் அவன் பிழையில்லாமல் பேசிய முதல் தமிழ் வசனம். சிவகலா எல்லோரையும்விட மோசம். எத்தனை தடவை எடுத்தாலும் கடைசி நொடியில் கமராவுக்குப் பின்னால் நிற்கும் அவனைத் தேடிப் பார்த்துவிடுவாள். ஏழு படம் எடுத்தவனின் மனைவி ஒரு படத்திலும் இல்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியில்கூட, “கலா பாக்காமல் ஒரு ஷொட், மச்சான். அது ஒண்டுதான் குறை” என்றான்.

சச்சிதானந்தனுக்குக் கமரா கிடைத்த அந்த ஒரு நாள், டீட்டிகோன் ஸ்டேஷனில் ஒரு கிழவர் ரயிலேறிப் போகும் காட்சி. ரயில் போனதும் அவர் டக்கென்று கமராவை நிறுத்திவிட்டார். வெண்டல் தலையில் கை வைத்தான்.

“ஆள் போன பிறகுதான் மச்சான் படம் இருக்கு. பத்து எண்ணிப்போட்டு நிப்பாட்டு.”

மூன்றாவது கால் ஒருவழியாக இறங்கியது. தேவாரம் பாடினார்கள். வெண்டலின் சபைப் பாட்டையும் தெரிந்தவர்கள் பாடினார்கள். பிறகு சனம் பூப்போட வரிசையாக வந்தது. வந்தவர்கள் ஒருவர் தவறாமல் கமராவுக்கு முன்னால் நின்று, கண்ணைத் துடைத்து, நேரே பார்த்துவிட்டுப் போனார்கள். பெரியம்மா மகள் மனோகரி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு, பூவை மார்போடு பிடித்தபடி அசையாமல் நின்றாள். சச்சிதானந்தனும் எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்?

“கமராவைப் பாக்காதேங்கோ!”

வெண்டலின் அதே இழுவையோடு அவர் வாயில் வந்துவிட்டது. யாரோ களுக்கென்று சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். சிவகலாவும் சிரித்தாள். கிஷோபனின் போனில், என்ன சொன்னார்கள் என்று விளங்காமலே லொரெய்னும் சிரிப்பது கேட்டது. அதற்குப் பிறகுதான் எல்லோரும் வாய்விட்டு அழுதார்கள்.

பெட்டி தகன அறைக்குள் போனது. கதவு மூடியது. சனம் மெல்ல மெல்ல வெளியேறியது.

“அப்பா, முடிஞ்சுது. நிப்பாட்டட்டோ?”

சச்சிதானந்தன் பொறு என்று கையைக் காட்டினார். ஒன்று. இரண்டு. மூடிய கதவு. வெறும் கதிரைகள். முன்வரிசையில் யாரோ மறந்துவிட்டுப்போன வெண்டலின் பழைய தொப்பி. ஐந்து. ஆறு.

பக்கத்து வாசலால் சிவகலா திரும்பி வந்தாள். தொப்பியை எடுத்தாள். உள்ளே ஒட்டியிருந்த நரைமயிரைத் தட்டப்போனவள், தட்டாமல் விட்டாள். அந்தக் கதிரையிலேயே உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கமரா நின்ற பக்கம் அவள் திரும்பவே இல்லை.

பத்து வந்து போனது. சச்சிதானந்தன் வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருந்தார்.