பூட்டிய வீட்டில் வெளிச்சம்

கஜந்தி நெருப்பு விற்றுச் சீவிக்கிறவள். அதுவும் சுண்டுவிரலில் பாதி உயரமுள்ள நெருப்பு. குளிர்நாட்டு வீடுகளில் வரவேற்பறைச் சுவருக்குள்ளேயே குளிர்காய ஓர் அடுப்பு இருக்குமாம். அங்கே பொம்மை வீடு சேர்க்கிற பெரிய மனிதர்களுக்கு அந்த அடுப்பும் அதற்குள் ஒரு நெருப்பும் பொம்மை அளவில் வேண்டுமாம். விசிறி நின்றால் சீவன் போகிற திருகோணமலையில் இருந்துகொண்டு, அவர்கள் குளிருக்கு நெருப்புச் செய்து அனுப்புகிற புண்ணியவதி லிங்கநகரில் இவள் ஒருத்திதான்.

அந்த அடுப்பை அவள் கண்ணால் கண்டதில்லை. முதல்முறை செய்தபோது குசினி அடுப்பில் வைப்பதுபோல விறகின் நுனியை உள்ளே கொடுத்து, அடியை வெளியே நீட்டிவிட்டாள். எரிய எரியத் தள்ளிவிட வேண்டாமா? வாங்கிய இங்கிலாந்து அம்மா, விறகெல்லாம் ஏன் அறைக்குள் நடந்து வருகிறது என்று கேட்டு எழுதியிருந்தாள். பிறகுதான் விறகைக் குறுக்கே கிடத்தப் பழகினாள். குளூ கன்னில் பசையை உருக்கி மேலே இழுத்தால் சுவாலை. அதற்கு அடியில் மஞ்சளும் நுனியில் செம்மஞ்சளும் பூச வேண்டும். சிவப்புக் கண்ணாடி வளையலை இடித்துப் போட்டால் தணல். அதற்குக் கீழே துடித்துத் துடித்து மின்னுகிற சின்ன பல்பு. எல்லாம் சரி, விறகு மட்டும் பெயின்ற் அடித்தது மாதிரித் தெரிகிறது என்று அந்த அம்மா மறுபடி எழுதினாள். நல்ல வாய்!

கஜந்திக்கு ரோசம் வந்துவிட்டது. பெயின்றைத் தூக்கி மூலையில் வைத்துவிட்டுக் கொய்யாக் குச்சிகளை உண்மையாகவே அடுப்பில் சுட ஆரம்பித்தாள். கரியாக வெடித்து, விளிம்பில் சாம்பல் வெள்ளை பூக்கும்வரை சுடுவாள். தண்ணீர் தெளித்தால் அந்த வெள்ளை கழுவுண்டு போய்விடும். ஆகவே மணல் வாளிக்குள் புதைத்து இரவு முழுவதும் ஆறவிடுவாள். அன்று மட்டும் அதற்குப் பொறுமை இருக்கவில்லை. மாரி மழை காலையிலிருந்தே ஊற்றிக்கொண்டிருந்தது. கொழும்புக்குப் பொதிகள் அனுப்புகிற கலீலுர் றஹ்மான், வழியில் வெள்ளமாம், வாகனம் நேரத்தோடு வெளிக்கிடுகிறது, உடனே வாருங்கள் என்று தொலைபேசியில் அவசரப்படுத்தினார். காலையில் சுட்ட குச்சிகளை மணலுக்குள்ளிருந்து எடுத்துப் புறங்கையில் வைத்துப் பார்த்தாள். சுடவில்லை. நல்லதாக நாலைத் தெரிந்தெடுத்து, அனுப்பவேண்டிய பொம்மை அடுப்பில் ஒட்டினாள். மிச்சத்தைப் புகை செய்ய வைத்திருந்த பஞ்சுப் பெட்டிக்குள் போட்டு முன்னறை மேசைக்குக் கீழே தள்ளினாள். பக்கத்தில் பெயின்ற் கரைக்கிற தின்னர் போத்தல் இருந்தது. அதைக் கவனிக்க அவளுக்கு ஏது நேரம்?

உள்ளறையில் சஞ்சீவன் நித்திரை. அவள் புருசன். துறைமுகத்தில் இரவு வேலை பார்த்துவிட்டுக் காலையில் வந்து, தொலைபேசியை அணைத்து, கதவைச் சாத்திக்கொண்டு விழுந்தானென்றால் பின்னேரம்தான் எழும்புவான். இடையில் ஒருவர் கதவைத் தட்டி எழுப்பிவிட்டால் அன்றைய நாள் அவனுக்கும் போச்சு, அவளுக்கும் போச்சு. இந்த ஊரில் தட்டாமல் இருப்பார்களா? மீன்காரன், சீட்டுக்காரி, கோயில் திருவிழாவுக்குக் காசு சேர்க்கிறவர்கள், சும்மா எட்டிப் பார்க்கிறவர்கள். அதனால் கஜந்தி ஓர் உபாயம் வைத்திருந்தாள். வெளியே போகும்போது முன்கதவில் ஆமைப்பூட்டைப் போட்டுவிடுவாள். மோட்டர் சைக்கிளையும் முன்னறைக்குள் ஏற்றி வைத்துவிடுவார்கள். வீட்டில் ஒருவரும் இல்லையென்று ஊர் நம்பும், மனிதன் நிம்மதியாகத் தூங்குவான். ராத்தா என்று அக்காமுறை சொல்லிக் கூப்பிடுகிற அடுத்த வீட்டுப் பஸ்மியாவுக்குக்கூட இந்த இரகசியம் தெரியாது.

அன்றும் பூட்டைப் போட்டாள். திறப்பைப் பேர்சுக்குள் வைத்தாள். யன்னலோர மேசையில் அடுத்த ஓடருக்கான அடுப்புகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. ஒரு நாள் முழுக்க எரியவிட்டுப் பல்பு தாங்குகிறதா என்று பார்ப்பது அவள் வழக்கம். அந்த வெளிச்சத்தைக் கண்டு தொடக்கத்தில் தெருவே வாளியோடு ஓடி வந்தது. பிறகு எல்லாருக்கும் பழகிப்போயிற்று. இப்போது யாரும் திரும்பியும் பார்ப்பதில்லை.

உட்துறைமுக வீதியில் கலீலுர் றஹ்மானின் கந்தோர் இருட்டிக் கிடந்தது. கரண்ட் இல்லை. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். அவர் மேசைக்குப் பின்னால் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

"வாங்க தங்கச்சி. எரியுதோ எண்டு ஒருக்காக் காட்டுங்க, பிறகுதான் பொதி கட்டுவன். போன முறை எரியல்ல எண்டு எனக்குத்தான் ஏச்சு."

கஜந்தி அடுப்பை மேசையில் வைத்து அடியிலிருந்த பெட்டரி ஆளியைத் தட்டினாள். இருட்டுக்குள் நெருப்பு எழும்பித் துடித்தது. சுட்ட விறகின் வெடிப்புக்குள் சிவப்பு ஊர்ந்தது. கலீலுர் றஹ்மான் தன்னை அறியாமல் கையைப் பின்னுக்கு இழுத்தார். அதைப் பார்த்து அவளுக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது.

அப்போதுதான் பஸ்மியாவின் அழைப்பு வந்தது.

"கஜந்தி, எங்க நிக்கிறீங்க?"

"றஹ்மான் நானாட கந்தோரில, ராத்தா. என்ன?"

"இல்ல, உங்கட ஊட்டு யன்னலால வெளிச்சம் தெரியுது. இண்டைக்குக் கொஞ்சம் கூடவாக் கிடக்கு. ரோட்டால போன ரெண்டு பேர் நிண்டு பாக்கிறாங்க."

கஜந்தி வாய்விட்டுச் சிரித்தாள். "அது என்ர நெருப்பு. புது ஓடர், எல்லாம் ஒண்டா எரியுது. அவையளை மழையில நனையாமல் போகச் சொல்லுங்கோ."

"நானும் அதைத்தான் சொன்னன். ஊட்டில ஒருத்தரும் இல்ல, அது பொம்மை நெருப்பு எண்டு. சரி, வையுங்க."

கலீலுர் றஹ்மான் பெட்டிக்குள் கடதாசிச் சுருள்களை அடைத்தார். ஒட்டுநாடாவைப் பல்லால் கடித்து அறுத்தார். மனிதருக்கு எல்லாமே ஆறுதலாக, மெல்ல மெல்லத்தான் நடக்கும். பாதியில் ஏதோ ஞாபகம் வந்து, லிங்கநகரில் கடை வைத்திருக்கிற தன் தம்பிக்குத் தொலைபேசி அடித்தார்.

"அங்கயும் இல்லையா? அரை மணித்தியாலமா? அப்ப அந்த ஐஸ் பெட்டிய முதல் பாரு." அழைப்பை வைத்துவிட்டுக் கஜந்தியைப் பார்த்தார். "உங்கட பக்கமும் கரண்ட் இல்லையாம் தங்கச்சி. முழு ஊரும் இருட்டாம்."

"மழையெண்டால் அப்பிடித்தானே, நானா" என்று சொல்லிக்கொண்டே கஜந்தி, இன்னும் பெட்டிக்குள் போகாத அடுப்பைப் பார்த்தாள்.

மேசையில் எரிந்துகொண்டிருந்தது பெட்டரி நெருப்பு. வீட்டில் வரிசையாக வைத்துவிட்டு வந்தவை பெட்டரியில் எரிகிறவையல்ல, சுவர்ப் பிளக்கில் எரிகிறவை. கரண்ட் போன நிமிடமே அவை அணைந்திருக்க வேண்டும்.

அப்படியானால் யன்னலில் தெரிவது என்ன வெளிச்சம்?

பஞ்சுப் பெட்டி கண்ணுக்கு முன் வந்தது. பக்கத்தில் தின்னர். அதற்குப் பக்கத்தில் பெற்றோலோடு நிற்கிற மோட்டர் சைக்கிள். அதற்கு அப்பால் ஒரு பலகைக் கதவு, கதவுக்குப் பின்னால் அவன். வெளியே பூட்டு. திறப்பு இங்கே இவள் பேர்சுக்குள்.

பஸ்மியாவுக்கு அழைத்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். சஞ்சீவனுக்கு அழைத்தாள். அணைத்திருக்கிறான் என்று தெரிந்தும் அழைத்தாள். அந்தப் பதிவுக் குரல் மூன்று மொழியிலும் நிதானமாகச் சொல்லி முடிக்கும்வரை காதில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன தங்கச்சி? முகம் ஏன் இப்பிடி?"

"வீட்டில நெருப்பு, நானா! உண்மையான நெருப்பு! அவர் உள்ளுக்குப் படுத்திருக்கிறார்!"

"யா அல்லாஹ்! நீங்க ஓடுங்க, நான் நெருப்பணைக்கிற ஆக்களுக்கு அடிக்கிறன்!"

வாசலில் நின்ற ஓட்டோவுக்குள் பாய்ந்தாள். கதையை இரண்டு சொல்லில் கேட்ட ஓட்டோக்காரர் உடனே முறுக்கினார். மழை இரண்டு பக்கத்தாலும் உள்ளே அடித்தது. கஜந்தி தொலைபேசியைச் சேலைத் தலைப்புக்குள் மூடிப் பிடித்து, பஸ்மியாவின் இலக்கத்தை அமத்திக்கொண்டே இருந்தாள். எடு ராத்தா, எடு. சும்மா இருக்கிற நேரமெல்லாம் தொலைபேசியும் கையுமாக இருப்பாயே, இப்ப எங்கே போய்த் தொலைந்தாய்? எடுத்தால் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் நேர்த்தி வைக்கிறேன் என்றெல்லாம் மனது உளறியது.

வளைவு திரும்பியதும் ஓட்டோ கிறீச்சிட்டு நின்றது. நடுத்தெருவில், மாடுபோல ஊருக்குள் திரிகிற மான்கள். ஒரு கூட்டமே மழைக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு தெருவை அடைத்து நின்றது. ஓட்டோக்காரர் ஹோர்னை அடித்தார். ஒரு கலைமான் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி தன் பாட்டில் நின்றது. உல்லாசப் பயணிகள் படம் எடுத்து எடுத்து அவற்றுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. கஜந்தி இறங்கி ஓடினாள். செருப்பைக் கழற்றி எறிந்தாள், கத்தினாள், தூசணம் பேசினாள். பிறந்து இத்தனை வருடத்தில் அவள் வாயில் வராத சொல்லெல்லாம் அந்தத் தெருவில் வந்தது. மான்கள் ஒவ்வொன்றாக மனமில்லாமல் விலகின.

மறுபடி ஏறியபோது தொலைபேசி அதிர்ந்தது.

"கஜந்தி, தொழுதுகொண்டு இருந்தனான். என்ன இத்தனை கோல்?"

"ராத்தா, கதவை உடையுங்கோ! அது என்ர நெருப்பில்லை! கரண்ட் இல்லை, ராத்தா! அவர் உள்ளுக்கு!"

"எவர்?"

"சஞ்சீவன்! உள்ளறையில நித்திரை! நான்தான் பூட்டிப்போட்டு வந்தனான்!"

பஸ்மியாவின் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது. "நான் எல்லாரையும் அனுப்பிப்போட்டேனே, பிள்ளை. ஒருத்தரும் இல்ல எண்டு சொல்லி அனுப்பிப்போட்டேனே."

தொலைபேசி எங்கோ விழுந்த சத்தம். பிறகு மழைச் சத்தம். தூரத்தில் பஸ்மியா யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. பூட்டை நெம்ப அலவாங்கு, அலவாங்கு என்று கத்துவது கேட்டது. இரும்பு இரும்பில் மோதியது. ஒருதரம், இன்னொருதரம். அதற்குமேல் அழைப்பு அறுந்துவிட்டது.

மிச்ச வழியை அவள் எப்படிக் கடந்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கையில் திறப்பை இறுக்கிப் பிடித்திருந்தாள். தன்னுடைய கெட்டித்தனத்தை எண்ண எண்ண வாந்தி வந்தது. விறகு உண்மையாக இருக்க வேண்டுமாம். எந்தத் தேசத்திலோ ஒரு கிழவி பொம்மைகளைக் குளிர்காய வைக்கிறாள், அவளுக்காக இவள் புருசனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, அயலாள் கூப்பிட்டுச் சொன்னபோதும் சிரித்திருக்கிறாள்.

தெருமுனையில் சனம் நின்றது. முன்கதவு கொண்டியோடு பிய்ந்து தொங்கியது. யன்னலால் கரும்புகை வந்துகொண்டிருந்தது, ஆனால் சுவாலை இல்லை. நனைந்த சாக்குகளும் வாளிகளும் வாசலெங்கும் கிடந்தன. யாரோ மோட்டர் சைக்கிளை வெளியே இழுத்துச் சரித்திருந்தார்கள். அதன் இருக்கை உருகி வழிந்திருந்தது. பஸ்மியா கைகள் இரண்டும் கரியாகி, தலைச்சீலை நழுவியது தெரியாமல் மதிலில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கஜந்தியைக் கண்டதும் கிணற்றடிப் பக்கம் கையை நீட்டினாள்.

கிணற்றடியில் சஞ்சீவன் இருந்தான். சாரத்தோடு, மழையில், முழங்காலுக்குள் தலையைக் கொடுத்து இருமிக்கொண்டிருந்தான். உயிரோடு இருந்தான்.

கஜந்தி அவன் முன்னால் சேற்றில் விழுந்தாள். அவன் முகத்தை, தோளை, கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மயிர் கருகியிருந்தது. வேறொன்றுமில்லை. அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"இவ்வளவு புகைக்குள்ள எப்பிடி நித்திரை கொண்டனீங்கள்? ஒருக்காக்கூட முழிப்பு வரேல்லையா?"

"வந்தது" என்றான். இருமல் விடவில்லை. கொஞ்சம் பொறுத்துத்தான் அவனால் கதைக்க முடிந்தது. "விசிறி நிண்டுபோச்சு. வேர்த்து முழிச்சிட்டன். பிறகு கொஞ்ச நேரத்தால கதவுக்குக் கீழால வெளிச்சம் ஆடிச்சுது."

"அப்ப ஏன் எழும்பேல்லை?"

சிவந்து வீங்கிய கண்ணால் அவளைப் பார்த்தான்.

"நீ வந்திட்டாய், முன்னறையில வேலை செய்றாய் எண்டு நினைச்சன். நீ வீட்டில இருக்கிறாய்தானே எண்டு போட்டு, திரும்பிப் படுத்திட்டன்."

கஜந்தி அவன் நனைந்த தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். பஸ்மியா வந்து இருவருக்கும் மேலே ஒரு சாக்கைப் பிடித்தாள்.