நடுச்சுவர்

சமையலறை வாசலில் சக்கர நாற்காலி மறுபடியும் சிக்கிக்கொண்டது. தபால்காரர் ஓடிவந்து அதைப் பின்னுக்கு இழுத்தார். கதவு நிலையில் உரசி, மனைவியின் விரல் முட்டியில் தோல் உரிந்திருந்தது.

"வலிக்குதா?"

"வலி கிடக்கட்டும். என் அடுப்படிக்கு நானே போக முடியல பாருங்க, அதான்."

வாதத்தில் அவளுடைய கால்கள் விழுந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கும் சுவரை எடுத்துவிட்டால் அவள் தாராளமாகப் போய்வரலாம் என்று நாற்காலி சிக்கிய அன்றே அவர் முடிவு கட்டினார்.

முதலில் ஒரு பொறியாளரைத்தான் கூப்பிட்டார். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், மாடியேறித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார்.

"கூரையே இந்தச் சுவர் மேலதான் உக்காந்திருக்கு சார். வரைபடம் போட்டு, அனுமதி வாங்கி, இரும்பு உத்திரம் கொடுத்த பிறகுதான் எடுக்கணும். மூணு மாசம் ஆகும்."

மூன்று மாதம் என்றதும் தபால்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. மனைவியின் அண்ணன் சிரித்தார். "நம்ம பத்துநாள் இருக்கும்போது உங்களுக்கு என்ன மச்சான் கவலை?"

எந்த வேலையைக் கேட்டாலும் பத்தே நாளில் முடிப்பதாகச் சொல்வதால் அந்தக் கான்ட்ராக்டருக்கு அப்படி ஒரு பெயர். எந்தப் பத்து நாள் என்று மட்டும் சொல்ல மாட்டார்.

"நம்ம வீட்டுக்குள்ள நம்ம சுவத்த எடுக்க எவனைக் கேக்கணும் சார்? எல்லாம் நான் பாத்துக்கறேன்," என்றார் பத்துநாள். இதற்குமுன் எங்கே வேலை செய்தார் என்று தபால்காரர் கேட்கவில்லை. எழுத்தில் ஒரு வரிகூட வாங்கவில்லை. தெரிந்தவர் சொன்ன ஆள், அது போதும் என்று இருந்துவிட்டார்.

வேலை தொடங்கிய மூன்றாம் நாள் காலையில் கொத்தனார் சுத்தியலைக் கீழே வைத்தார். ஐம்பது தாண்டிய, அதிகம் பேசாத மனிதர்.

"ஐயா, மேல தொட்டி நிக்குது. முட்டு கொடுக்காம இனி ஒரு கல்லுகூட உருவக்கூடாது. கீறல் விட்டிருக்கு பாருங்க."

"அவருக்கு உடம்பு வணங்காது சார், சாக்கு சொல்றாரு," என்றார் பத்துநாள்.

இருவரும் தபால்காரரைப் பார்த்தார்கள். அவர் கீறலைப் பார்த்தார். ஆனால் நிறுத்தினால் மறுபடியும் அந்த மூன்று மாதம்.

"ஆரம்பிச்சாச்சு. முடிச்சிடுங்க," என்றார்.

மறுத்தால் நாளைக்கு வேலை இல்லை என்பது கொத்தனாருக்குத் தெரியும். சுத்தியலை எடுத்துக்கொண்டார்.

பிற்பகல் மூன்று மணிக்குக் கூரை இறங்கியது. வாசல் மரத்தடியில் உட்கார்ந்திருந்த மனைவி, வீட்டுக்குள்ளிருந்து புழுதி பொங்கி வருவதைப் பார்த்து அலறினாள். எழுந்து ஓட அவளால் முடியவில்லை. கொத்தனாரை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

பத்துநாளின் தொலைபேசி அன்றோடு அணைந்துபோனது. அதிகாரிகள் வந்து வீட்டைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டார்கள். இப்போது மனைவி அண்ணன் வீட்டு மூன்றாம் மாடியில் கிடக்கிறாள். குளியலறைக்குக்கூட இரண்டு பேர் தூக்கிப்போக வேண்டும். அடுப்படி என்ற பேச்சையே அவள் எடுப்பதில்லை.

தபால்காரரை விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அறையின் ஓரத்தில் கொத்தனாரின் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"தப்பு முழுக்க கான்ட்ராக்டர் மேலன்னு எழுதிக்கலாமா?" என்று அதிகாரி கேட்டார்.

தபால்காரர் தலையை ஆட்டி மறுத்தார். "வேணாம் சார். படிச்சவர் சொன்னாரு, கேக்கல. சுத்தியல் பிடிச்சவர் சொன்னாரு, அதையும் கேக்கல. எனக்குப் பிடிச்ச பதிலைச் சொன்ன ஆளைத்தான் நம்பினேன். வரைபடம், அனுமதி எல்லாம் வெறும் காகிதம்னு நினைச்சேன். அது உள்ள நின்னு வேலை செய்யற மனுஷனோட உயிரு சார். வீட்டுல ஒரு செங்கல்ல தொடறதுக்கு முன்னாடி, 'வேணாம்'னு சொல்றவங்க பேச்சைத்தான் முதல்ல கேக்கணும். அப்படியே எழுதிக்கோங்க."

கொத்தனாரின் மனைவி எழுந்தாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"இத அன்னிக்குக் காலையில சொல்லியிருந்தீங்கன்னா, அவரு சாயங்காலம் வீட்டுக்கு வந்திருப்பாரே," என்றாள்.