காயாத கையெழுத்து

முதல் ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாள் காலை, கடலுக்கு அப்பால் எங்கோ இருந்த நட்பு நாடு கொஞ்சம் பக்கத்தில் வந்திருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த அண்டை நாடு அதே அளவுக்குத் தள்ளிப் போயிருந்தது. துறைமுகத்தில் நின்றவர்களுக்கு, அதுவரை வெறும் தண்ணீராக இருந்த இடத்தில் ஒரு மலையின் உச்சி தெரிந்தது. படகுக்காரர்கள் துடுப்புப் போட்டுக் கை ஓய்ந்து, கரை எங்கே போய்த் தொலைந்தது என்று திட்டினார்கள். பாதுகாப்பு நிபுணர்கள் ஒரு வாரம் வரைபடங்களைப் புரட்டிவிட்டு, நெருக்கம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று தொலைக்காட்சியில் விளக்கம் சொன்னார்கள். ஊரும் சரிதான் என்று தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

பழக முடியாதவள் ஒருத்திதான். வெளியுறவு அமைச்சகத்தில் மை ஒற்றுகிற வேலை அவளுடையது. மந்திரி கையெழுத்துப் போட்டதும் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து முன்னே வந்து, உறிஞ்சுதாள் சுற்றிய வளைந்த மரக்கட்டையை எழுத்தின் மேல் ஒரே ஒரு தரம் உருட்டி எடுக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் மை இழுபட்டுவிடும். இரண்டாம் தரம் ஒற்றக்கூடாது என்பது மரபு. அவள் ஒற்றி எடுத்த பிறகுதான் ஒப்பந்தம் ஒப்பந்தமாகும் என்பதும் மரபு. அவளுடைய தங்கையை, இரண்டு நாடுகளுக்கும் பேச்சுவார்த்தை இருந்த காலத்தில், எதிர்க்கரையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பிறகு உறவு முறிந்து பாலத்தை மூடினார்கள், தொலைபேசியைத் துண்டித்தார்கள். குரலைத் தடுக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. அக்காவும் தங்கையும் சாயங்காலமானால் அவரவர் மொட்டை மாடியில் நின்று, நடுவில் முள்வேலியும் சிப்பாய்களும் இருக்க, வீட்டுக்கதை பேசித் தீர்த்தார்கள்.

துறைமுகத்துக்கு ஓர் ஒப்பந்தம், ரேடாருக்கு ஒன்று, கூட்டுப் பயிற்சிக்கு ஒன்று என்று வரிசையாக வந்தன. அண்டை நாடு மட்டும் சும்மா இருக்குமா? அது வேறொரு திசையில் தனக்கொரு நண்பனைப் பிடித்து, ஒன்றுக்கு ஒன்று பதில் ஒப்பந்தம் போட்டது. ஆறு இரண்டு பக்கமும் அகன்றது. ஒவ்வொரு தரமும் தன் கையாலேயே தங்கையைத் தள்ளி வைத்துவிட்டு அவள் வீட்டுக்கு வந்து அழுதாள். "பிள்ளை பொறந்தா தூக்கிக் காட்டுறேன்க்கா, தெரியும்ல?" என்பதுதான் கடைசியாக முழுசாக வந்து சேர்ந்த பேச்சு. அப்புறம் தங்கையின் புடவை நிறம் மட்டுமே தெரிந்தது. பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தமும் முடிந்தால் எதிர்க்கரையே கண்ணுக்குத் தெரியாது என்று நில அளவைத் துறை கணக்குப் போட்டுச் சொன்னது. தங்கைக்கு அப்போது நிறைமாதம்.

அன்றைக்கு மண்டபத்தில் இரண்டு கொடிகளும் ஒரே உயரத்தில் நின்றன. மந்திரி கையெழுத்திட்டார். அவள் முன்னே வந்து கட்டையை இறக்கி, தாளுக்கு மயிரிழை மேலே, வெறும் காற்றில் உருட்டி எடுத்தாள். கேமராக்கள் மின்னின, எல்லோரும் கைதட்டினார்கள்.

மறுநாள் எதுவும் நகரவில்லை. நட்பு நாடு நடுக்கடலில் விளக்குகளோடு அப்படியே நின்றது. கையெழுத்து ஈரமாகப் பளபளத்தது. மின்விசிறியிலும் காயவில்லை, வெயிலிலும் காயவில்லை. செயலாளர் அவளைக் கூப்பிட்டு விட்டார்.

"ஏம்மா, ஒழுங்கா ஒத்துனியா இல்லையா?"

"நீங்க பக்கத்துலதானே சார் நின்னீங்க. போட்டோவுல கூட கைதட்டுறீங்களே."

அவர் கையை ஆட்டி அவளை அனுப்பிவிட்டார். புதிதாகக் கையெழுத்துப் போடலாமென்றால், பழையது பலிக்கவில்லை என்று நட்பு நாட்டிடம் யார் போய்ச் சொல்வது? இங்கே காயாததால், பதில் ஒப்பந்தத்தைத் தயாராக வைத்திருந்த அண்டை நாட்டுக்கும் பதில் சொல்ல எதுவுமில்லாமல் போயிற்று. மந்திரிகள் மாறினார்கள். புதிதாக வருகிறவர் விரல் நுனியால் தொட்டுப் பார்த்து, கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, அடுத்த கோப்பை எடுத்தார்.

எதிர்க்கரையில் பெண் குழந்தை பிறந்தது. தங்கை தூக்கிக் காட்டினாள். இங்கிருந்து பார்க்க ஒரு வெள்ளைப் புள்ளி. அக்காவுக்கு அதுவே போதுமென்றிருந்தது. ஆனால் அந்தக் குழந்தை, ஆறு அகன்ற பிறகு பிறந்தது. அதன் தொண்டையும் அந்த அகலத்துக்கே அமைந்திருந்தது. பேச்சு வந்த ஒரு சாயங்காலம், கத்தாமல் கொள்ளாமல், பக்கத்து அறையிலிருந்து கேட்பதுபோல அதன் குரல் தண்ணீரைத் தாண்டி வந்தது.

"பெரியம்மா, சாப்டியா?"

இரண்டு கரையிலும் சிப்பாய்கள் சிலையாக நின்றார்கள். படகுகள் நின்றன. அக்கா பதிலுக்குக் கத்தினாள். அவள் குரல் பழைய ஆற்றுக்கான குரல், பாதித் தண்ணீரில் விழுந்துவிட்டது. குழந்தை மறுபடி கேட்டது. கீழே காவலுக்கு நின்ற சிப்பாய்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு துப்பாக்கிகளைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, கையை வாயில் குவித்து, அத்தனை பேரும் ஒரே குரலில் "சாப்டாச்சு!" என்றார்கள். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான் நடக்கிறது. காவல் முறை மாறி வருகிற புதிய சிப்பாய் மாடியை நிமிர்ந்து பார்த்து, சாப்பிட்டாயிற்றா என்று முதலில் அவளைக் கேட்டுக்கொள்கிறான்.