நிமிர்ந்து நின்ற நெல்

"நீ மருந்து அடிச்சனியோ?" என்று நாகேந்திரம் ஐயா கேட்டார். "அடிச்சேங்க ஐயா" என்றான் புஷ்பராஜ். அந்தச் சொல்தான் வினையாயிற்று. அவன் சொன்னது, கீழே வாய்க்கால் ஓரப் புல்லுக்கு அடித்த மருந்தை. ஐயா கேட்டதோ, மொட்டைமாடிச் சட்டிகளில் முறுகிச் சுருண்டுபோன தமது தக்காளிச் செடிகளைப் பற்றி.

வெள்ளவத்தையில் அந்த மாடிக் கட்டடத்தின் காவல்காரன் புஷ்பராஜ். அவனும் மனைவி நிரோஷாவும் குடியிருந்ததும் அதன் கீழறையில்தான். ஐயா குடியிருப்போர் சங்கத் தலைவர். புல்லு மருந்தைக் கடற்காற்று மேலே தூக்கி வந்துவிட்டது என்று தீர்ப்பும் சொல்லி, மருதானையிலுள்ள காவலாள் நிறுவனத்திடம் வேறு ஆள் கேட்கப்போவதாகவும் சொல்லிவிட்டார். போனால் வேலையோடு வீடும் போகும்.

சாட்சிக்கென்று ஐயாதான் மூன்றாம் மாடி உஷாந்தியை அழைத்தார். அவள் பயிர் ஆய்வுகூடமொன்றில் வேலை செய்பவள். வந்தவள் சட்டிகளுக்கிடையே குந்தி, பரீட்சைத் தாள் திருத்துபவளைப் போல ஒவ்வொரு செடியாகப் பார்த்தாள். கீழே புல் எப்படிச் செத்தது என்று புஷ்பராஜிடம் கேட்டாள். குருத்து முதலில் மஞ்சளாகி, பிறகு முழுதும் காய்ந்தது என்றான்.

"அப்ப இது அந்த மருந்தில்லை, அங்கிள். அது செடியைப் பட்டினி போட்டுக் கொல்லும். இது பட்டினியில்லை, வளர்ந்து கெட்டிருக்கு."

ஐயா நம்பவில்லை. அவள் சுருண்ட இலையொன்றை விரித்துக் காட்டினாள்.

"வளரச் சொல்லுற ஹோர்மோன் மாதிரி வேஷம் போட்டு உள்ள போற மருந்து இது. தக்காளி நம்பிப்போட்டுது. தண்டில ஒரு பக்கம் ஓடி வளர, மற்றப் பக்கம் பின்னுக்கு நிக்குது. முறுகாமல் என்ன செய்யும்?"

வாய்க்காலுக்கு நேர் மேலே, மாடி விளிம்பில் இருந்த சட்டியில் மட்டும் தக்காளி செழித்து நின்றது. மருந்து காற்றில் வந்திருந்தால் முதலில் அதுதான் முறுகியிருக்க வேண்டும். அதற்கு மட்டும் வைக்கோல் மூடாக்கு இல்லை, போட்டது போதாமற்போயிற்று என்றார் ஐயா. உஷாந்தி பக்கத்துச் சட்டியின் வைக்கோலை விலக்கினாள். வைக்கோலோடு வந்த நெல்மணியொன்று முளைத்து, முறுகிய தக்காளியின் காலடியில் பச்சைப்பசேலென்று நிமிர்ந்து நின்றது.

வயலில் களைக்கு அடிக்கும் மருந்து வைக்கோலிலும் தங்கும் என்றாள். நெல்லிடம் அதன் வேஷம் பலிக்காதாம். அதனால்தான் களை சாக நெல் பிழைக்கிறது. புஷ்பராஜுக்குத் தன் வேலைகூட ஒரு கணம் மறந்துபோயிற்று. தேயிலைத் தோட்டத்தில் எத்தனையோ தரம் முதுகில் மருந்துத்தாங்கி சுமந்து தெளித்தவன்தான். ஆனால் ஒரு செடி ஏமாறுவதும் இன்னொன்று ஏமாறாமல் நிற்பதும் இலையிலேயே எழுதியிருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. அதை வாசிக்கவும் ஒருத்தி இருக்கிறாளே என்று அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"வைக்கோல் எங்கையிருந்து வந்தது, அங்கிள்?"

ஐயா கைபேசியை எடுத்து மருதானைக்கு அடித்தார்.

"ஆள் அனுப்ப வேண்டாம். எங்கட பொடியன் ஒரு பிழையும் செய்யேல்லை. மருந்தடிச்சது கிளிநொச்சியில வயல் செய்யிற என்ர மச்சான்."