பூஜ்யம் காட்டிய முள்

கெர்க்கெனா தீவின் மீனவர் சங்க வானொலி அறையில் நஸீஹா நாலாவது முறையாக மைக்கை அழுத்தினாள்.

"ரிதா அண்ணே, கால்வாய்ல நுழையாத. கல்லு ஏத்துன மிதவை முங்கிக் கிடக்கு. கேக்குதா?"

பதில் இல்லை. காற்று வரும் என்று மற்றவர்கள் நேற்றே கரையேறிவிட்டார்கள். ரிதா சொன்னால் கேட்கிற ஆளா? விடியற்காலையில் தங்கை நஸீஹாவோடு சண்டை போட்டுவிட்டு மூன்று பேரோடு கடலுக்குப் போனான். இப்போது திரும்புகிற நேரம். அவன் போன பிறகு முங்கிய மிதவையோ தண்ணீருக்கு ஒரு முழம் கீழே, கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிறது. துறைமுகத்துக்கு இருக்கும் ஒரே வழி அடைபட்டதால் இங்கிருந்து யாரும் போய்ச் சொல்லவும் முடியாது.

கூட வேலை பார்க்கும் லுத்ஃபி கணினித் திரையைக் காட்டினான். குரல் மென்பொருளுக்குள் போகிறது, வடிகட்டியைத் தாண்டுகிறது, பெருக்கியில் நூறு வாட் ஆகிறது. எல்லாம் பச்சை.

"உன் மேல குத்தமில்ல நஸீஹா. ஆன்டெனால மோதித் திரும்பி வர்ற அலை சுத்தமா பூஜ்யம், முள்ளப் பாரு. மெஷினு புதுப் பொண்ணாட்டம் இருக்கு. உங்க அண்ணன்தான் ரேடியோ பெட்டிய அணைச்சுட்டுத் தூங்குறான்."

நஸீஹா முள்ளை உற்றுப் பார்த்தாள். பூஜ்யமா? மாடியில் நிற்பது உப்புக் காற்று அரித்த கிழட்டு ஆன்டெனா. கொடுத்ததில் கொஞ்சத்தைத் திருப்பித் துப்பாத நாளே கிடையாது.

குனிந்து மேஜைக்கடியில் இருந்த டம்மி லோடு டப்பாவைத் தொட்டாள். விரல் சுட்டது. அலையை வெளியே விடாமல் சூடாக்கித் தின்றுவிடும் டப்பா அது. நேற்றுப் புது மென்பொருளைச் சோதிக்க அலையை அதற்குத் திருப்பிவிட்டவள் அவளேதான். அந்த வழியையே சேமித்தும் வைத்துவிட்டாள், பாவி. காலையில் கணினி சொன்னபடி கேட்டிருக்கிறது.

வழியை ஆன்டெனாவுக்கு மாற்றினாள். மைக்கை அழுத்தியதும் முள் பூஜ்யத்தை விட்டு லேசாக ஏறியது. அந்தக் கோளாறைக் கண்டு அவளுக்கு உயிர் வந்தது.

"ரிதா அண்ணே, நில்லு. கால்வாய்ல மிதவை முங்கிக் கிடக்கு. நுழையாத."

கரகரப்பு. பிறகு எஞ்சின் சத்தம் தணிவது கேட்டது.

"நின்னுட்டேன். கால்வாய் வாய்க்கே வந்துட்டேன்டி. இங்கயே நங்கூரம் போடுறேன்." நங்கூரச் சங்கிலி இறங்கும் சத்தத்தோடு அவனே தொடர்ந்தான். "காலையிலேர்ந்து உன் சத்தமே இல்ல. கோவத்துல வாய மூடிக்கிட்டியோன்னு நானும் கூப்பிடல."

நஸீஹா அழுதாள். மைக்கிலிருந்து விரலை எடுக்க மறந்திருந்தாள். அவ்வளவு அழுகையும் கிழட்டு ஆன்டெனா வழியாகக் கடலுக்குப் போனது.