மூன்றாவது பேனா

பதினொன்று நாற்பதுக்கு மூன்றாவது பேனா ஆடத் தொடங்கியது.

கண்ணாடிக்கு அப்பால், சோதனைக் கொட்டகையில், பயிற்சி விமானத்தின் நாலு சிலிண்டர் எஞ்சின் முழு வேகத்தில் இரைந்துகொண்டிருந்தது. சிலிண்டருக்கு ஒரு பேனா. வெளியேறும் புகையின் சூட்டைக் காகிதச் சுருளில் கோடாக இழுத்துக்கொண்டு போகும். மற்ற மூன்றும் நேராகப் போயின. இது மட்டும் மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. தாட்சாயிணி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நிமிடத்துக்கு ஒரு தரம்.

சுருள் மாற்றுவது, மை ஊற்றுவது, முடிவில் கையெழுத்துப் போடுவது. எண்பத்தொன்றிலிருந்து ஆறு வருடமாக அம்பத்தூர் எஸ்டேட்டில் விமான எஞ்சின் பழுதுபார்க்கும் அந்தப் பட்டறையில் அவளுக்கு இதுதான் வேலை. இன்னும் தற்காலிகம். நிரந்தர ஆர்டர் இன்று வரும் என்றிருந்தார்கள்.

மேனேஜர் ராஜசேகரன் குனிந்து பார்த்தார்.

"பேனா லூசு. இதைக்கூடப் பார்த்துக்கத் தெரியாதா?"

"லூசுன்னா தத்தக்கா பித்தக்கான்னு ஆடும் சார். இது மூச்சு வுடற மாதிரி ஆடுது."

பக்கத்தில், எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைப் பிடித்திருந்தான் மெக்கானிக் துலுக்கானம். "வேகத்த கொறைக்காத அண்ணாத்தே" என்று அவனிடம் சொல்லிவிட்டு, அவள் பேனாப் பெட்டிக்குப் பின்னால் போய் இரண்டாவது, மூன்றாவது ஒயர்களைக் கழற்றி இடம் மாற்றி முடுக்கினாள்.

மூன்றாவது பேனா நேரானது. இரண்டாவது ஏறி இறங்கத் தொடங்கியது.

"இன்னாம்மா, நோவு தொத்திக்கிச்சா?" என்றான் துலுக்கானம்.

"பேனாவுக்கு நோவு இல்ல அண்ணாத்தே. மூணாவது சிலிண்டருக்கு. பொகை வால்வு கருகுது."

மார்ச்சில் இதே போல ஒரு கோடு வந்தது. கழற்றியபோது வால்வின் ஓரம் கடித்த அப்பளமாக இருந்தது.

"நாலு மணிக்கு எஞ்சினை எடுக்க பிளையிங் ஸ்கூல் வண்டி வருது" என்றார் ராஜசேகரன். "இதைக் கிழிச்சிட்டு மெதுவா பத்து நிமிஷம் ஓட்டுங்க. கோடு நேரா வரும். கையெழுத்துப் போட்டுக் குடு." சட்டைப்பையிலிருந்து ஒரு நீளக் கவரை எடுத்து மேசையில் வைத்தார். அவள் பெயர் தட்டச்சாகியிருந்தது. இனிஷியல் தப்பு.

துலுக்கானம் அவளைப் பார்த்தான். த்ராட்டிலில் கை நகரவில்லை.

தாட்சாயிணி சுருளில் நேரத்தை எழுதினாள். ஒயர் மாற்றிய இடத்தில் அம்புக்குறி போட்டாள். கீழே கையெழுத்திட்டாள். எஞ்சின் அதிர்வில் கவர் கொஞ்சம் கொஞ்சமாக மேசை விளிம்புக்கு நகர்ந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பிடிக்கவில்லை. பால்பாயிண்டை மூடாமல் அவர் பக்கம் நீட்டினாள்.

"நீயே கியிச்சுக்கோ சார். அதுக்கு மின்னாடி, 'மேனேஜர் நான்தான் கியிச்சேன்'னு மிச்ச சுருள்ல ஒரு கையெய்த்து போட்டுட்டுக் கியி."